ஆறு பேர் பிடித்த கயிறு

என்னுடைய ஐம்பத்திரண்டாவது வயதில் என்னைப் பார்த்து, "அண்ணா, நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா நின்னாப் போதும்" என்று சொன்ன முதல் மனிதர் டைரக்டர் ஜினோதான். அதுவரைக்கும் எனக்குக் கிடைத்ததெல்லாம் "ஏன்டா சும்மா நிக்கிற" என்ற ஏச்சு மட்டுமே. என் தாத்தாவைக் கண்டியில் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி அப்படித்தான் ஏசினாராம். அப்பாவைச் சேரங்கோடு எஸ்டேட்டில் சூப்பர்வைசர் ஏசினார். என்னை இப்போது இருபது வயது இளையவன் ஒருவன் ஏசுகிறான். சும்மா நிற்கக் கூடாது என்று மூன்று தலைமுறையாக அடித்துப் பழக்கிய உடம்பு இது. ஒருநாள் இந்த உடம்பை வைத்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டி வந்தது. அந்தக் கதைதான் இது.

போன வருடம் மே மாதம் எங்கள் எஸ்டேட்டில் சினிமா எடுக்க வந்தார்கள். பத்தாம் நம்பர் தேயிலைக் காட்டின் ஓரம், ஓடை விழுகிற பள்ளத்தை ஒட்டி செட்டுப் போட்டார்கள். சண்டைப் படம்தான், ஆனால் சண்டை போடாமல் ஜெயிக்கிற சண்டைப் படம். முதல் நாள் எங்களையெல்லாம் டீக்கடையில் உட்கார வைத்து ஜினோ கதை சொன்னார். வாளெடுத்து நூறு பேரை வீழ்த்திய ஒருத்தி மலைமேல் ஒரு துறவியிடம் போகிறாள். அவர் எந்த வித்தையும் சொல்லித் தராமல் மூன்று வருடம் அவளை ஓடைக்கரையில் உட்கார வைத்துவிடுகிறார்.

"சீனாவுல இதுக்குத் தாவோன்னு பேருங்கண்ணா. எதையும் வலிஞ்சு செய்யாம இருக்குற வழி" என்றார் ஜினோ.

"எங்க எஸ்டேட்ல அதுக்கு டிமிக்கின்னு பேருங்க" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஜினோவும் சிரித்தார். நல்ல மனிதர், பேச்சுதான் கொஞ்சம் ஜாஸ்தி.

படத்தின் கடைசிக் காட்சியை எங்கள் ஊரில் எடுத்தார்கள். இரண்டு ஊர்க்காரர்கள் வெட்டிக்கொள்ள ஓடி வருவார்கள். கதாநாயகி பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றுகொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் மெதுவாகக் கீழே இறக்குவாள். கை இறங்கியதும் கூட்டம் முழுவதும் சத்தத்தை நிறுத்திவிட்டு அப்படியே குந்த வேண்டும். ஊர்க்காரர்களாக நடிக்க எங்கள் கொழுந்தெடுக்கும் பெண்களைத்தான் பிடித்தார்கள். எட்டு நாள் ரிகர்சல். கை இறங்கும், சத்தம் நிற்கும், எல்லோரும் குந்துவார்கள். திரும்ப, திரும்ப. என் பெண்டாட்டி அங்கம்மாவுக்கு அது ஒரே விளையாட்டாகப் போனது. வீட்டில் நான் கத்தும்போது எதிரே வந்து நின்று உள்ளங்கைகளை இறக்கிக் காட்டுவாள். எனக்குக் கோபம் இரண்டு மடங்காகும்.

கதாநாயகி ஊட்டியில் பெரிய ஓட்டலில் இருந்தார். அந்தரத்தில் நிற்கப்போவது அவர் இல்லை, அவருடைய டூப். அந்த டூப் என் மகள் ரஞ்சனி.

நானும் அவளும் பேசி நான்கு வருடம் ஆகியிருந்தது. காரணம் என் கை. சேரம்பாடியில் பள்ளிக்கூடத்தில் கராத்தே படித்தவள், சென்னைக்குப் போய் சினிமாவில் சண்டை போடப் போகிறேன் என்றாள். பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்க ஓங்கி அறைந்தேன். என் கை எப்போதும் புத்தியைக் கேட்டுவிட்டுப் போவதில்லை. அவள் அழவில்லை, கன்னத்தைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. வந்து நின்ற பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். பொம்பளைப் பிள்ளை கயிற்றில் தொங்கிப் பிழைப்பதா என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் நாக்கும் கைக்குச் சளைத்ததில்லை.

படப்பிடிப்புக்கு வந்தவள் அம்மாவை மட்டும் பார்த்தாள். எங்கள் லயத்து வீட்டுப் பக்கம் வரவில்லை.

கடைசி நாள் காலையில் கயிறு இழுக்கிற ஆட்களில் மூன்று பேருக்குக் காய்ச்சல். தேயிலை மூட்டை தூக்கிப் பழகிய ஆட்கள் இருந்தால் அனுப்புங்கள் என்று ஃபைட் மாஸ்டர் ஜெகதீசன் கேட்டார். யாரும் கூப்பிடுவதற்கு முன்னால் நான் போய் நின்றேன். எதற்குப் போனேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் சரியாகச் சொல்லத் தெரியாது. அவள் உயிர் தொங்குகிற கயிறு எவன் கையிலோ இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

ரஞ்சனி கயிற்றைச் சோதிக்க வந்தாள். இடுப்பில் வார் கட்டியிருந்தாள். ஒவ்வொரு ஆளாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் என் கைகளைப் பார்த்ததும் நின்றாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"அவரு வேணாம் மாஸ்டர்" என்றாள்.

"ஆளு இல்லம்மா. இன்னிக்கோட பர்மிஷன் முடியுது. மழையும் வருது" என்றார் ஜெகதீசன்.

அவள் கயிற்றை ஒரு தடவை சுண்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அவரு என்றாள். எவனோ அடுத்த வீட்டுக்காரனைச் சொல்வது போல. எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை என்றும் தெரிந்தது, அதனால் இன்னும் எரிந்தது.

ஏற்பாடு இதுதான். பள்ளத்தின் இரு கரையிலும் உள்ள பெரிய மரங்களுக்கு நடுவே இரும்புக் கம்பி. கம்பியில் ஒரு கப்பி. கப்பி வழியாக வருகிற கயிற்றில் ஒரு முனையில் ரஞ்சனி, மறு முனையில் நாங்கள் ஆறு பேர். எதிர்க்கரையில் இருக்கும் ஆட்கள் இன்னொரு கயிற்றால் இழுத்தால்தான் அவள் கரைக்கு வர முடியும். நேராகக் கீழே இறக்கினால் நாற்பதடியில் பாறை. வழக்கமாகக் கயிற்றை ஒரு மரத்தில் சுற்றிக் கட்டிவிடுவார்களாம். இந்தக் காட்சிக்கு அவள் மூச்சுவிடுவது போல லேசாக ஏறி இறங்க வேண்டும், அதனால் கையிலேயே பிடியுங்கள் என்றார் ஜெகதீசன். நான் முன்னால் நின்றேன், சும்மா நின்னாப் போதும் என்று ஜினோ சொன்னது அப்போதுதான். எனக்குப் பின்னால் என்னோடு மூட்டை தூக்கும் பரமசிவன், அவனுக்குப் பின்னால் நான்கு பேர், கடைசியில் மாஸ்டர் நின்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெண்கள் எங்களுக்குக் கீழே, சரிவில் பாறைத் திட்டில் கூட்டமாக நின்றார்கள். எங்களுக்கு மேலே காடு. காட்டு ஓரத்தில் இரண்டு யானைக் காவலர்களை நிறுத்தியிருந்தார்கள். யானை காட்டிலிருந்துதானே வரும் என்று நினைத்துவிட்டார்கள். மே மாதம் பலா பழுக்கிற மாதம். ராத்திரியே இறங்கி வந்த ஒற்றைக் கொம்பன் எங்கள் லயத்துக்குப் பின்னால் பலாத் தோப்பில் வயிறு முட்டத் தின்றுவிட்டு அங்கேயே நின்றிருக்கிறான். ஒருவரும் பார்க்கவில்லை.

ரஞ்சனியை ஏற்றினோம். கப்பி கிறீச் கிறீச்சென்று கத்தியது. அவள் வெள்ளை உடுப்பில் பள்ளத்தின் நடுவே போய் நின்றாள். பனி அவள் காலுக்குக் கீழே வந்து வந்து போனது. கேமரா ஓடத் தொடங்கியது. பெண்கள் ஹோவென்று கத்திக்கொண்டே ஓடி வர வேண்டிய நேரம்.

அவர்கள் கத்தவில்லை.

திரும்பிப் பார்த்தேன். பெண்களுக்கும் எங்களுக்கும் நடுவில், சரிவில், தோப்புப் பக்கமிருந்து வந்து கொம்பன் நின்றிருந்தான். ஐம்பது அடி தூரம் இருக்கும். போன மாதம் ரேஷன் கடைச் சுவரை இடித்தவன் இவன்தான். காதை அசைக்காமல் நின்றான். எதிர்க்கரையில் கயிறு பிடித்திருந்த சினிமா ஆட்கள் போட்டது போட்டபடி ஓடினார்கள். அவர்கள் ஓடியதும் ரஞ்சனியைக் கரைக்குக் கொண்டுவர வழியில்லாமல் போனது.

"யாரும் அசையாதீங்க" என்றார் ஜெகதீசன். "கயிறு நகந்தா கப்பி கத்தும்."

கத்தினால் யானை எங்கள் மேல் பாயும். விட்டால் என் மகள் பாறையில் விழுவாள். கயிற்றைச் சுற்ற ஒரு மரம் பத்தடி தள்ளி இருந்தது. பத்தடி. இழுத்துக்கொண்டு போகவும் முடியாது, விட்டுவிட்டு ஓடவும் முடியாது. என் வாழ்நாளில் இப்படி ஓர் இடத்தில் நான் நின்றதில்லை. கை எதையாவது செய்யத் துடித்தது. அதற்கு வேலை ஒன்றுதான், பிடித்தபடி இருப்பது.

அப்போதுதான் கீழே தகரச் சத்தம் கேட்டது.

அங்கம்மா. டீ காய்ச்ச வைத்திருந்த எண்ணெய்த் தகரத்தை எடுத்துக் கல்லால் அடித்தாள். எங்கள் எஸ்டேட்டில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். தேயிலைக்குள் யானை வந்தால் பின்னாலிருந்து தகரம் தட்டு, அது மேலே காட்டுக்குப் போய்விடும். முப்பது வருடமாகத் தட்டிய கை. மகள் தொங்குவதைப் பார்த்ததும் கை தானாகத் தகரத்துக்குப் போயிருக்கிறது. ஒருத்தி தட்டினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? தட்டு, சருவம், தூக்குவாளி, கையில் அகப்பட்டதையெல்லாம் எடுத்து நாற்பது பேரும் அடித்தார்கள்.

காட்டுக்குப் போகிற வழியில் நாங்கள் நின்றோம். அதை அவள் நினைக்கவில்லை.

கொம்பன் காதை விரித்தான். எங்களைப் பார்த்து ஏறத் தொடங்கினான். ஓட்டம் இல்லை, வேக நடை. கிளைகள் முறிந்தன. நிறுத்துடி என்று கத்த வாய் வந்தது. கத்தினால் தீர்ந்தது. கையைக் காட்ட முடியாது, கையில் மகள். அங்கம்மா, நிறுத்து, நிறுத்து தாயே என்று உள்ளுக்குள்ளே கதறினேன். அவள் இன்னும் வேகமாக அடித்தாள். பெற்ற பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து அடிக்கிற அடி.

பரமசிவன் விட்டான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்கும் மூன்று பிள்ளைகள். அவன் தேயிலைக்குள் உருண்டு போனதும் கயிறு என் கையில் வழுக்கியது. கப்பி கிறீச்சிட்டது. ஒரு முழம். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போனது. எங்கிருந்து பலம் வந்ததோ, இறுக்கினேன். பின்னால் நான்கு பேரும் இறுக்கினார்கள். பரமசிவன் விட்ட இடத்தில் மாஸ்டர் ஓசைப்படாமல் வந்து பிடித்தார். அவர் மூச்சு என் பிடரியில் பட்டது. அவர் சாமி பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு எந்தச் சாமியும் ஞாபகம் வரவில்லை.

மேலே பார்த்தேன். ஒரு முழம் கீழே இறங்கிய ரஞ்சனி கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். அம்மா தகரம் அடிப்பது, யானை ஏறுவது, அதன் முன்னால் நான் நிற்பது. அவள் கத்தவில்லை. காலை ஒன்றுசேர்த்து, உடம்பை நிமிர்த்தி, ஆட்டத்தை நிறுத்தினாள். இரண்டு கைகளையும் மார்புக்கு நேராக நீட்டினாள். உள்ளங்கைகளைக் கவிழ்த்தாள். மெதுவாக, ரிகர்சலில் இறக்கியதை விட மெதுவாக, கீழே இறக்கினாள்.

யானையைப் பார்த்துக்கொண்டிருந்த நாற்பது பேரில் ஒருத்தி மட்டும் மூச்சுக்கு ஒரு தடவை மேலே மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கம்மா பார்த்துவிட்டாள். கல் அவள் கையிலிருந்து நழுவியது. அப்படியே குந்தினாள். பக்கத்தில் இருந்தவள் குந்தினாள். எட்டு நாள் பழகிய பழக்கம். கை இறங்கியது, சத்தம் நின்றது, எல்லோரும் குந்தினார்கள்.

ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது.

கொம்பன் நின்றான். எனக்கும் அவனுக்கும் பத்தடி இருக்காது. பலாப்பழ வாசனை அடித்தது. பின்னாலிருந்து விரட்டியது எதுவோ இல்லாமல் போனதால் அவனுக்கு அவசரம் போய்விட்டது. தும்பிக்கையை நீட்டிக் காற்றை மோந்தான். பிறகு கயிற்றைத் தொட்டான். விறைத்து நிற்கிற கயிறு அவனுக்குப் புதிது போல. நுனியால் லேசாகத் தள்ளினான். பள்ளத்தின் நடுவே ரஞ்சனி ஆடினாள். இன்னொரு தரம் தள்ளினான். ஐயா, வேண்டாம்யா, என்னை மிதித்துக்கொள், அந்தக் கயிற்றை விடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். என்னை மிதித்தாலும் அவள் விழுவாளே என்று அப்புறம்தான் உறைத்தது. சாகக்கூட எனக்கு அனுமதி இல்லை.

கையிலிருந்து ரத்தம் முழங்கை வழியாகச் சொட்டியது. கண்ணை மூடினேன். பிறகு திறந்துகொண்டேன், மூடினால் அவளைப் பார்க்க முடியாது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கேமராக் கணக்கில் பதினொரு நிமிடமாம். கொம்பன் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, கடைசி ஆளுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு, தன்பாட்டில் மேலே நடந்து காட்டுக்குள் போனான். அவன் முதுகு மறைந்த பிறகும் ஒருவரும் அசையவில்லை. எதிர்க்கரை ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து தங்கள் கயிற்றை இழுத்தார்கள். கயிற்றைத் தளர்த்துங்கள் என்றார் மாஸ்டர். கொஞ்சம் கொஞ்சமாகக் காலை முன்னால் வைத்து நடந்து தளர்த்தினோம். அவள் கால் மண்ணைத் தொட்டது. வாரைக் கழற்றினார்கள். அங்கம்மா பள்ளத்தைச் சுற்றி ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டாள். நான்தான் கெடுத்தேன், நான்தான் கெடுத்தேன் என்று தரையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

என்னால் அங்கே போக முடியவில்லை. கயிற்றைப் பிடித்தபடியே நின்றேன். கயிற்றில் யாரும் இல்லை என்று கண்ணுக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை. திறக்கச் சொன்னால் திறக்க மாட்டேன் என்கிறது. மாஸ்டர் பிரித்துப் பார்த்தார், முடியவில்லை. ஜினோ தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை, அவருக்கு அது பெரிய விஷயம்.

ரஞ்சனி எங்கள் கரைக்கு வந்தாள். என் முன்னால் குந்தினாள். முதலில் சுண்டு விரல். கயிற்றோடு ஒட்டியிருந்த தோலை நகத்தால் மெதுவாக விலக்கி, விரலைப் பிடித்து நிமிர்த்தினாள். அடுத்தது மோதிர விரல். அறைந்த கை அதுதான், வலது கை. அவளுக்கும் அது ஞாபகம் இருந்திருக்கும். ஒவ்வொன்றாக ஐந்தும் பிரித்தாள். நான் மாடு மாதிரி அழுதேன், வெட்கமே இல்லை. எழுந்து மாஸ்டரைப் பார்த்து மட்டும் சொன்னாள்.

"எங்கப்பா கையிக்கு மருந்து போடணும் மாஸ்டர். ஜீப்ப எடுக்கச் சொல்லுங்க."

காலையில் அவரு. இப்போது எங்கப்பா. நான் அதைப் பிடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

இந்த வருடம் படம் வந்தது. அவள் ஹைதராபாத்தில் வேறு வேலையில் இருந்தாள். அம்மாவுக்குப் போன் செய்து, ரெண்டு பேரும் போய்ப் பாருங்க என்றாளாம். ரெண்டு பேரும் என்று சொன்னாளா என்று நான் மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். எல்லை தாண்டி, தியேட்டர் இருக்கிற சுல்தான் பத்தேரிக்கு பஸ் ஏறிப் போனோம்.

கடைசிக் காட்சி வந்தது. ஜினோ அன்றைக்கு ஓடிய கேமராவை நிறுத்தவே இல்லை. பனி, பள்ளம், நடுவில் வெள்ளை உடுப்பில் என் மகள். ஒரு முழம் இறங்குகிறாள், ஆடுகிறாள், நிமிர்கிறாள். கை இறங்குகிறது. எனக்கு மறுபடியும் பலாப்பழ வாசனை வந்தது. அங்கம்மா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

கயிறு இல்லை. கம்பி இல்லை, கப்பி இல்லை. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டார்கள். அவள் வெறும் காற்றில் நின்றாள்.

பக்கத்து சீட்டில் குடும்பத்தோடு வந்திருந்த ஒருவர் தன் சம்சாரத்திடம், "அந்த ஹீரோயின் எப்படி நிக்கிறா பாரு, தைரியத்த" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அங்கம்மா என் கையைப் பிடித்தாள், கத்திவிடுவேன் என்று. நான் கத்தவில்லை. அவர் பக்கம் சாய்ந்து, மெதுவாகத்தான் சொன்னேன்.

"அது ஹீரோயின் இல்லங்க. எம் மக. பேரு ரஞ்சனி. கயிறு பிடிச்சது நானுங்க."

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். திரும்பித் திரையை நன்றாக உற்றுப் பார்த்தார்.

"கயிறா? கயிறே இல்லீங்களே" என்றார்.

"இல்லதாங்க" என்றேன்.